பெரியம்மா எப்ப பாடுவா?

அக்கா,

இன்று காலை உன் கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டேன். இந்த வருடத்தின் முதல் பனி. பார்க்கிங் லொட்டில் கார்களெல்லாம் வெள்ளையாகிக் கிடந்தன. என் கோட்டின் ஸிப் போன கிழமையே உடைந்துவிட்டது. புதிது வாங்கவேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் போய்விட்டது. உன்னுடையது அலுமாரியின் கடைசியில் தொங்கியது. உன் உயரம் எனக்கில்லை, கைகளை நீட்டினால் விரல் நுனிதான் வெளியே தெரிகிறது. பைக்குள் கையை விட்டபோது குச்சி போல ஏதோ தட்டுப்பட்டது. எடுத்து மூக்கருகே வைத்தேன். அதிமதுரம்.

தொண்டைக்கென்று நீ எப்போதும் வைத்திருந்த அதிமதுரம். ஒரு முனை மென்று நாராகியிருந்தது. நான் வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். ஆதிரை தொப்பியை இழுத்துக் காதுக் கருவியின் காந்தங்களை மூடிக்கொண்டு, "அம்மா, பஸ் போகப்போகுது," என்று அவசரப்படுத்தினாள். பிறகு கையில் என்ன என்று எட்டிப் பார்த்தாள். நான் நீட்டினேன். ஒரு தடவைதான் மணந்தாள். "பெரியம்மா," என்றாள்.

மணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள். குரலை? இந்த இரண்டு வருடமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது அதுதான் அக்கா. உன் குரல் இந்தப் பிள்ளைக்குள் எங்காவது இருக்கிறதா, இல்லையா?

ஸ்காபரோவில் உன் குரல் தெரியாத ஆள் இல்லை. ஆனால் உன்னைத் தெருவில் கண்டால் சனம் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். செத்தவீட்டில் பாடுகிறவளை மரக்கறிக் கடையில் கண்டு யார் நின்று கதைப்பார்கள்? செத்தவீட்டில் தேவாரம் படிப்பதும், உரலில் மஞ்சளைப் போட்டுச் சுண்ணம் இடிக்கும்போது அதற்குரிய பாட்டைப் பாடுவதும் ஆண்களின் வேலை என்றுதான் இருந்தது. ஒரு பனிநாள், பாட வரவேண்டியவர் ஹைவேயில் மாட்டிக்கொண்டார். செத்தவரின் முகம் பார்த்துவிட்டுப் போக வந்திருந்த உன்னை எழுப்பிப் பாடவிட்டார்கள். அதோடு தொடங்கியது. அதன்பிறகு சனி ஞாயிறு என்றால் உனக்கு ஃபியூனரல் ஹோம்தான். "கலியாண வீட்டுக்காரர் என்னைக் கூப்பிடமாட்டினம். ஆனா கலியாண வீட்டுக்கு வந்த எல்லாரும் கடைசியில என்னட்டத்தானே வரவேணும்," என்று சொல்லிச் சிரிப்பாய். கிழமை நாட்களில் உன் அப்பாட்மென்றில் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. சத்தம் தாங்காமல் மேல்வீட்டுக்காரன் தன் நிலத்தில் தும்புத்தடியால் இடிப்பான். "உவனுக்குத் தாளம் பிழைக்குது," என்பாய்.

நான் உனக்கு நேர்மாறு. சுருதி என்பது என்ன என்று இன்றுவரை எனக்குப் பிடிபட்டதில்லை. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் உன் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தால் இடுப்பில் கிள்ளுவாய். "நீ வாயை மட்டும் அசை. நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பாடுறன்." அப்படியே பழகிவிட்டது. பிறகு ஆதிரை பிறந்தபோதும் தாலாட்டெல்லாம் உன் பொறுப்பு. அவள் தகப்பனுக்கு மார்க்கம் நகரில் இரவு வேலை, எனக்கு அஜின்கோர்ட் மருந்துக்கடையில் பகல் வேலை, பிள்ளை பாதி நேரம் உன் மடியில்.

பிறந்த குழந்தைக்குச் செய்யும் காதுச் சோதனையில் ஆதிரை தேறவில்லை. காதுக்குள் தண்ணி நிற்கும், பயப்படாதீர்கள் என்றார்கள். மறுபடியும் தேறவில்லை. மூன்றாம் முறை ஒரு சின்ன அறைக்குள் எங்களை இருத்தி, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்கள். கதவைச் சாத்தும்போதே எனக்கு விளங்கிவிட்டது. உனக்கு போன் எடுத்தேன். பின்னேரம் வந்து பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வழக்கம்போலப் பாடத் தொடங்கினாய். "அவளுக்குக் கேக்காது அக்கா," என்றேன். "எனக்குத் தெரியும். நெஞ்சு அதிரும்தானே," என்றாய்.

ஒரு வயது கடந்ததும் இரண்டு காதுக்கும் இம்பிளான்ற் வைத்தார்கள்; சத்தத்தை நேரே நரம்புக்கு அனுப்பும் கருவி, வெளித்துண்டு காந்தத்தால் தலையில் ஒட்டும். காயம் ஆறிய பிறகு அதை இயக்கும் நாளில் நீயும் வந்தாய். பட்டுச்சேலை, அதற்கு மேல் இந்தக் கோட். பிள்ளையின் காதில் விழும் முதல் சத்தம் உன் பாட்டாக இருக்கவேண்டும் என்று காலையிலிருந்து தொண்டையைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாய். ஓடியோலொஜிஸ்ற், காதுக் கருவியைப் பார்க்கும் அந்த உயரமான பெண், எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கம்பியூட்டரில் ஏதோ அழுத்தினாள். பிள்ளையின் காதுக்குள் கூ, கூ என்று ஏதோ போயிருக்கவேண்டும். பிள்ளை அசையாமல் இருந்தாள். பிறகு முகம் கோணி வீரிட்டு அழுதாள். உனக்குப் பாட இடமே கிடைக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது பட்டுச்சேலைக் கரையை நீவிக்கொண்டே, "பரவாயில்லை. பிறக்கேக்கையும் அழுதவள்தானே," என்றாய்.

பேச்சு வந்தது. மெதுவாக, ஆனால் வந்தது. 'மா' என்றாள், 'பூ' என்றாள், உன்னைக் கண்டால் 'பெம்மா' என்றாள். கருவியைக் கழற்றினால் 'காது, காது' என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். பாடுங்கள், எவ்வளவும் பாடலாம் என்று அந்த ஓடியோலொஜிஸ்றும் சொல்லியிருந்தாள். நீயும் பாடினாய், கச்சேரிக்குப் பாடுவதுபோல, நெளிவு சுளிவு எதையும் விடாமல். அவள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவாள். உனக்கு அது குத்தியது. யாரும் எழுந்து போகாத பாட்டல்லவா உன்னுடையது.

அவளுக்கு மூன்று வயது நடக்கும்போதுதான் நீ அந்த வேலையைப் பார்த்தாய். இம்பிளான்ற் வழியாகப் பாட்டு எப்படிக் கேட்கும் என்று கம்பியூட்டரில் செய்து காட்டலாம் என்று யாரோ சொல்ல, யூனிவர்சிட்டியில் படிக்கும் உன் மாணவி ஒருத்தியைப் பிடித்து, உன் சொந்தக் கச்சேரிப் பதிவையே அதற்குள் போட்டு மாற்றி வாங்கிவிட்டாய். மருந்துக்கடைக்கே வந்தாய். மதிய இடைவேளையில் பார்க்கிங் லொட்டில் நின்று என் காதில் இயர்போனைச் செருகினாய். தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது. நடுவில் யாரோ மூச்சு விட்டு விட்டு இரகசியம் பேசினார்கள். அது நீ என்று நீ சொல்லித்தான் தெரிந்தது.

"இதுதான்டி நான் அவளுக்கு," என்றாய். "எத்தினை வரியம் சாதகம் செய்தன். கடைசியில என்ர பிள்ளைக்கு நான் இந்தச் சத்தம்."

என்ர பிள்ளை என்றாய். நான் அதைக் கவனித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை.

அதன்பிறகு நீ அவளுக்குப் பாடவில்லை. வந்தாய், புட்டு அவித்துத் தந்தாய், அவளோடு நிலத்தில் படுத்திருந்து படம் கீறினாய். அவள் உன் தாடையைப் பிடித்துத் திருப்பி "பாடு" என்றால், தொண்டை நோகுது என்று அதிமதுரத்தை வாயில் போட்டுக்கொண்டாய். அடுத்த முறை கருவியின் அளவைச் சரிபார்க்கப் போனபோது நான் ஓடியோலொஜிஸ்றிடம் இதைச் சொன்னேன். கம்பியூட்டர் காட்டுவது ஒரு ஊகம், அவ்வளவுதான் என்றாள் அவள். நல்ல காதுக்குள் சத்தம் பிடிக்கும் நுண்ணிய இடங்கள் ஏராளம்; இம்பிளான்றில் இருப்பவை கொஞ்சம். பேச்சுக்கு அது போதும், தாளத்துக்கு நன்றாகவே போதும், ராகத்தின் ஏற்ற இறக்கத்துக்குத்தான் போதாது. மற்றச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு அது கோரமாக இருக்கும். இவளுக்கு உலகமே இந்தச் சத்தம்தான், இவள் எதையும் இழக்கவில்லை என்றாள். வீட்டுக்கு வந்து உனக்குச் சொன்னேன். "ஆர்மோனியத்தில கமகம் வராது எண்டுதான் நாங்கள் குறை சொல்லுறனாங்கள். இது அதிலயும் கட்டை கழண்ட ஆர்மோனியம்," என்றாய். "அந்தப் பெட்டைக்கென்ன. அவளின்ர குரலோ அது?"

உன்னை மாற்றியது ஒரு செத்தவீடு. எனக்கு லீவு கிடைக்காத சனிக்கிழமை. ஆதிரை உன்னிடம் இருந்தாள். திடீரென்று கூப்பிட்டார்கள் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனாய். நான் வேலை முடிந்து அங்கே வந்து சேர்ந்தபோது சுண்ணம் இடிக்கத் தொடங்கியிருந்தது. அங்கெல்லாம் நிலம் கார்ப்பெற், உலக்கை விழுந்தால் சத்தம் வராது என்று நீதான் உரலுக்கு அடியில் ஒரு பலகை போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தாய். உலக்கை பலகையையும் சேர்த்து அதிர வைத்தது. நீ ஒவ்வொரு அடியும் விழும்வரை பொறுத்து, அது விழுந்த பிறகு அடுத்த சொல்லை எடுத்தாய். சனம் விம்மிக்கொண்டிருந்தது. நடுவே, பெட்டிக்குப் பக்கத்தில், என் மகள் உலக்கையோடு உலக்கையாகக் குதித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

எனக்கு உயிர் போய்விட்டது. ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். செத்தவரின் மனைவி, அந்த அம்மா, என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடும் பிள்ளை. அவருக்குக் குழந்தையள் எண்டா விருப்பம். ஆடட்டும்." நீ பாட்டை நிறுத்தவில்லை. ஆனால் உன் கண் முழுக்க அவள் காலிலேயே இருந்தது. ஒரு அடிகூட அவளுக்குப் பிழைக்கவில்லை.

அன்று எங்களோடு வீட்டுக்கு வந்தாய். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆதிரை வாசலில் தன் சிவப்பு பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள். நீ அவளுக்கு முன்னால் குந்தி, அவள் முழங்காலில் தட்டிக்கொண்டு, வாயில் வந்ததைப் பாடினாய்.

சின்னச் சப்பாத்து, சிவப்புச் சப்பாத்து,
பனிமேலே பார்த்து நட, பூனை தூங்குது.

கமகம் இல்லை, இழுப்பு இல்லை, உன் பாட்டில் எப்போதும் இருக்கும் அந்த நடுக்கமும் இல்லை. நகையெல்லாம் கழற்றி வைத்த பெண்ணைப்போல வெறும் குரல். சொல், தட்டு, மூச்சு. அவள் எழுந்து போகவில்லை. "மறுபடி," என்றாள். மறுபடி பாடினாய். "மறுபடி." நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்துக்கு அழுதேன் என்றுதான் நீ நினைத்திருப்பாய்.

பிறகுதான் எனக்குச் சொன்னாய், செத்தவீட்டிலிருந்து வந்த வேகத்தில் அந்தப் பாட்டு முகாரியில் விழுந்துவிட்டது என்று. முகாரி என்றால் அழுகைக்கு என்று வைத்த ராகமாம். "நான் முகாரி பாடுறன், உன்ர பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என்ர மானம் போச்சு," என்றாய். அன்றிலிருந்து உனக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. சோகமான ராகத்தைத் துள்ளலாகப் பாடினால் அவள் சிரித்தாள். கொண்டாட்ட ராகம் ஒன்றை எடுத்து மெதுவாக, மிக மெதுவாகப் பாடினாய். அவள் வந்து உன் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "பெரியம்மா அழாதேங்கோ," என்றாள். கன்னம் காய்ந்துதான் இருந்தது. "அப்ப, ராகம் எண்டு நாங்கள் இவ்வளவு காலமும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தது என்னடி?" என்று என்னைக் கேட்டாய். என்னிடம் போய்க் கேட்டாய் பார்.

அவள் திருப்பிப் பாடும்போது சொல் அச்சு அசல், தாளம் அச்சு அசல். குரல் மட்டும் ஏறவேண்டிய இடத்தில் இறங்கும், இறங்கவேண்டிய இடத்தில் நேராகப் போகும். வகுப்பில் வேறு பிள்ளை அப்படிப் பாடினால் நீ விடமாட்டாய். இவளை ஒருநாளும் திருத்தவில்லை. ஞாயிறு காலைகளில் என் சமையலறையில் அப்படி எத்தனை பாட்டுக் கட்டினாய்: பல் விளக்கும் பாட்டு, பஸ்ஸுக்கு நிற்கும் பாட்டு, கீரை சாப்பிடாத பாட்டு. நான் ஒருநாள் போனை எடுத்து ரெக்கோட் பண்ணப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டாய். "வைச்சிரு உதை. அலங்காரம் ஒண்டும் இல்லாமல் நான் பாடினதை ஆரும் கேட்டா நாளைக்கு ஒருத்தரும் என்னட்டப் படிக்க வரமாட்டினம்." நான் சிரித்துக்கொண்டு போனை வைத்துவிட்டேன். இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது என்றுதானே எல்லோரும் நினைக்கிறோம்.

அவளுக்கு ஆறு வயதான அந்த மார்கழியில் நீ குளியலறையில் விழுந்தாய். மூளையில் இரத்தம் கசிந்தது என்றார்கள். ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவேயில்லை. ஒரு கிழமை கூடத் தாங்கவில்லை.

உன் செத்தவீட்டில் யார் பாடுவது என்று ஒரு பெரிய கதை நடந்தது. ஊரெல்லாம் பாடியவளுக்குப் பாட ஆளில்லையா என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு ஐயா வந்து தேவாரம் படித்தார். சுண்ணம் இடிக்கும் நேரம் வந்தபோது உன் மாணவிகள் எல்லோரும் அழுதுகொண்டு நின்றார்கள், ஒருத்திக்கும் வாய் வரவில்லை. அப்போது யாரோ, முன்பு தங்கள் வீட்டுச் சாவில் நீ பாடியதைப் போனில் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மண்டபத்து ஸ்பீக்கரில் அதைப் பூட்டினார்கள். நீயே பாடினாய், உனக்கு.

சபை உடைந்துபோனது. அத்தனை பேரும் வாய்விட்டு அழுதார்கள். உலக்கை பிடித்தவர்களுக்குத்தான் அடி ஒத்துவரவில்லை. நீ உயிரோடு பாடும்போது உலக்கைக்குப் பொறுத்தாய். பதிவு யாருக்கும் பொறுக்காது. அடி ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஆதிரை என் சேலையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு அருகில் நின்றாள். அந்தப் பெரிய மண்டபத்தின் எதிரொலி, அழுகை, ஸ்பீக்கரின் இரைச்சல். உன் குரல் எங்கள் தலைக்கு மேலே நிறைந்து நிற்க, அவள் என்னை இழுத்துக் கேட்டாள்:

"அம்மா, பெரியம்மா எப்ப பாடுவா?"

எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள், பிள்ளைக்குச் சாவு என்றால் என்ன என்று தெரியவில்லை, பாவம் என்று அழுதார்கள். அவளுக்குச் சாவு தெரியும் அக்கா. உன்னோடு எத்தனை செத்தவீடு பார்த்தவள். அவளுக்குத் தெரியாமல் இருந்தது உன் குரல்தான்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சடங்குகள் முடிந்தபின் உன் பதிவுகளையெல்லாம் தேடிச் சேர்த்தேன். அமைதியான அறையில், போனிலிருந்து நேரே அவளுடைய கருவிக்குப் போகும்படி வைத்துப் போட்டுக் காட்டினேன். கச்சேரி, கோயில், வானொலி, எல்லாம். கவனமாகத்தான் கேட்டாள். "நைஸ். ஒரு லேடி பாடுறா," என்றாள். யார் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். இன்னொன்று போட்டேன். "இதுவும் அந்த லேடியோ?" என்று என்னிடமே கேட்டாள். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஓடியோலொஜிஸ்றிடம் போனபோது கேட்டேன். வயலினும் மிருதங்கமும் சேர்ந்து வரும்போது இவளுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதுபோல இருக்கும் என்றாள். இந்தப் பிள்ளைகளில் பலர் ஒரு பாட்டைத் தாங்கள் முதலில் அறிந்த கோலத்திலேயே பிடித்து வைத்திருப்பார்கள், கோலம் மாறினால் பாட்டும் அவர்களுக்கு வேறாகிவிடும் என்றாள். அவளுக்குப் பாடிக்காட்டிய மாதிரியே பதிவு ஏதும் இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

உலகத்துக்கு நீ விட்டுப்போன குரல் எங்கும் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் பெண்ணின் தகப்பன் செத்தபோது போனேன். சுண்ணம் இடிக்கையில் ஸ்பீக்கரில் நீ. அந்தப் பதிவு கைமாறிக் கைமாறி வட்ஸ்அப்பில் ஊர் முழுக்கப் போய்விட்டதாம். இந்த நகரத்தில் தமிழர் யார் செத்தாலும் நீ வந்துவிடுகிறாய். எனக்கு இப்போது செத்தவீட்டுக்குப் போகவே பயம், வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே உன் குரல் பிடரியில் விழுமோ என்று. நீ என் பிள்ளைக்கு மட்டும் கொடுத்த குரலைக் காணவில்லை. அதைப் பிடித்து வைத்திருக்க ஒரு கருவியும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டவள் நான் ஒருத்திதான்.

இன்றைக்கு நூலகத்துக்குப் போய்த் திரும்பும்போது பிற்பகலாகிவிட்டது. ஆதிரை வாசலில் குந்தி பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்குள், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது, சின்னச் சப்பாத்து. என் குரலை உனக்குத் தெரியும். முகாரிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உன் மேல்வீட்டுக்காரன் கேட்டிருந்தால் உன் காலத்தை நினைத்து ஏங்கியிருப்பான். பனிமேலே பார்த்து நட என்ற இடத்தில் கத்தியின் பிடியால் பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். வாசலில் பூட்ஸ் கழற்றும் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தேன். ஒரு காலில் பூட்ஸோடு எழுந்து வந்து கதவடியில் நின்றாள். முகத்தில் இரத்தமில்லை.

"அம்மா, நீங்கள் பெரியம்மாவைப் போலவே பாடுறீங்கள்."

"இல்லை குஞ்சு. பெரியம்மா எவ்வளவு நல்லாப் பாடுவா."

"இல்லை அம்மா. சேம். அப்பிடியே சேம்."

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். முதலில் வந்தது பயம். நீ ஆயுள் முழுக்கச் சாதகம் செய்த குரலும் என் கரகரப்பும் அவளுக்கு ஒன்று என்றால், அன்றைக்கு பார்க்கிங் லொட்டில் நின்று நீ சொன்னது சரிதானோ என்று நினைத்தேன். உனக்காக எனக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு, அவள் அப்படி அசையாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்க வேறொன்று விளங்கியது. உன்னிடமிருந்து எல்லாவற்றையும் கழற்றிக் கழற்றி, கடைசியில் யாராலும் எடுக்கமுடியாமல் மிஞ்சியதைத்தான் நீ அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். அது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவானது, ஒரே வீட்டில் வளர்ந்த மூச்சு. ராகம் உன்னோடு போய்விட்டது. அந்த மூச்சு போகவில்லை. இதில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அந்த ஓடியோலொஜிஸ்றுக்கும் தெரியாது. அவள் தலைக்குள் போய்க் கேட்டுவிட்டு வர யாராலும் முடியாது.

"கண்ணை மூடிக்கொண்டு கேக்கப்போறன். பாடுங்கோ," என்றாள். மேசையில் கையை மடித்து வைத்து, அதன்மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். நான் முதலிலிருந்து பாடினேன். பல் விளக்கும் பாட்டையும் பஸ்ஸுக்கு நிற்கும் பாட்டையும் பாடினேன். அவள் உதடு கூடவே அசைந்தது, சத்தம் இல்லாமல். கீரைப் பாட்டின் நடுவில் எனக்கு மூச்சு முட்டி நின்றுவிட்டேன்.

கண்ணைத் திறக்காமலே அவள் சொன்னாள்: "நிப்பாட்டாதேங்கோ பெரியம்மா."

நான் நிப்பாட்டவில்லை அக்கா.